லோரிக்குக் கூடுதல் விளக்கு: கம்பிக்கும் கணக்கு வேண்டும்

தோட்டப்புற வாழ்க்கையில் லோரிக்குத் தனி இடம் உண்டு. பாலைத் தொழிற்சாலைக்குக் கொண்டு சேர்ப்பதும், உரமூட்டைகளை நிரைகளுக்கு எடுத்துச் செல்வதும் அதன் அன்றாடப் பணிகள். நள்ளிரவில் ஒருவருக்கு நோய் கண்டால், சில வேளைகளில் மருத்துவமனைக்குச் செல்வதற்குக் கைகொடுப்பதும் அதுவே. இத்தகைய வாகனத்தில் நாளுக்கு நாள் புதிய மின்கருவிகள் ஏறிக்கொண்டே வருகின்றன. இருளில் சுமை ஏற்றுவதற்கு வேலை விளக்குகள், அலுவலகத்தோடு பேசுவதற்கு வானொலித் தொடர்புக் கருவி, அறிவிப்புச் செய்ய ஒலிபெருக்கி, கைத்தொலைபேசிக்கு மின்னேற்றும் கருவி எனப் பட்டியல் நீளுகிறது.

இவை யாவும் பயனுள்ளவையே. ஆனால், லோரியை உருவாக்கிய தொழிற்சாலை, தான் பொருத்திய விளக்குகளுக்கும் கருவிகளுக்கும் மட்டுமே அளந்து மின்சார ஏற்பாட்டைச் செய்திருக்கிறது. அதற்குமேல் நாம் ஏற்றும் ஒவ்வொரு கருவியும் ஒரு புதிய சுமை. மரப்பலகையில் ஏற்றும் சுமை கண்ணுக்குத் தெரியும். அதிகமானால் ஸ்பிரிங் அமுங்கிக் காட்டிக்கொடுக்கும். மின்சுமையோ கண்ணுக்குத் தெரிவதில்லை. அது தன்னை வெளிப்படுத்துவது, நடுவழியில் மின்கலம் உயிரிழக்கும்போதோ, கம்பி கருகிப் புகை கிளம்பும்போதோதான்.

“பெரிய ஆல்டர்னேட்டர் ஒன்றைப் பொருத்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்” என்பது பலரின் எண்ணம். இது பாதி உண்மையே. மின்சாரத்தை ஆக்கும் கருவி பெரிதானால், அதைச் சுமந்து செல்லும் கம்பியும், காக்கும் ஃபியூஸும், அது திரும்பிவரும் எர்த் வழியும் சேர்ந்து பெரிதாக வேண்டும். இல்லையேல் நன்மையை நாடிச் செய்த வேலையே தீமையாக முடியும்.

மின்சாரம் பிறக்கும் இடம்

லோரியின் மின்சார ஏற்பாட்டை, குடியிருப்புக்குத் தண்ணீர் வழங்கும் ஏற்பாட்டோடு ஒப்பிடலாம். ஆல்டர்னேட்டர் என்பது தண்ணீர் இறைக்கும் பம்பு. பேட்டரி என்று நாம் அழைக்கும் மின்கலம், தண்ணீரைச் சேர்த்துவைக்கும் தொட்டி. கம்பிகளே குழாய்கள். இறைக்கும் அளவைவிட எடுக்கும் அளவு மிகுந்தால், தொட்டி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஒருநாள் வற்றியே தீரும். குழாய் குறுகலாக இருந்தால், பம்பு எவ்வளவு வலியதாக இருந்தாலும் கடைசி வீட்டுக்குத் தண்ணீர் சொட்டுச் சொட்டாகவே சேரும்.

பழைய வாகனங்களில் டைனமோ என்னும் கருவி மின்சாரம் வழங்கி வந்தது. இயந்திரம் மெதுவாக ஓடும்போது அதனால் போதிய மின்சாரம் தர இயலவில்லை. 1960ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் தன் வேலியண்ட் காரில் ஆல்டர்னேட்டரை வழக்கமான கருவியாகவே பொருத்தியது. பின்னர் உலகெங்கும் வாகனங்களில் அதுவே நிலைபெற்றது. ஆல்டர்னேட்டரின் நடுவே ஒரு மின்காந்தம் சுழல்கிறது. அதைச் சூழ்ந்த செப்புக் கம்பிச் சுருள்களில் மாறுமின்னோட்டம் பிறக்கிறது. டையோடு எனப்படும் சிறு உறுப்புகள் அதனை ஒரே திசையில் செல்லும் நேர்மின்னோட்டமாக மாற்றுகின்றன. ரெகுலேட்டர் என்னும் உறுப்பு, மின்னழுத்தம் 14 வோல்ட் அளவைச் சுற்றி நிற்குமாறு பார்த்துக்கொள்கிறது.

ஆல்டர்னேட்டரின் மேல் “50 ஆம்பியர்” என்று பொறித்திருந்தால், அது வேகமாகச் சுழலும்போது தரக்கூடிய அளவாகும். இயந்திரம் ‘ஐட்லிங்’ நிலையில் மெதுவாக ஓடும்போது அதில் மூன்றில் ஒரு பங்கோ பாதியோதான் கிடைக்கும். லோரியை நிறுத்தி, இயந்திரத்தை மெதுவாக ஓடவிட்டு, எல்லா விளக்குகளையும் ஏற்றிவைத்துச் சுமை ஏற்றும்போது மின்கலம் சிறுகச் சிறுக வற்றுவதற்கு இதுவே காரணம்.

முதல் வேலை கணக்குப் போடுதல்

எந்தக் கருவியையும் வாங்குமுன் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கருவியிலும் அது பயன்படுத்தும் ஆற்றல் ‘வாட்’ அளவில் எழுதப்பட்டிருக்கும். வாட் அளவை வோல்ட் அளவால் வகுத்தால், அக்கருவி இழுக்கும் மின்னோட்டம் ஆம்பியரில் கிடைக்கும். 12 வோல்ட் லோரியில் 60 வாட் விளக்கு ஒன்று 5 ஆம்பியர் இழுக்கும்.

எடுத்துக்காட்டாக, 50 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் கொண்ட 12 வோல்ட் லோரி ஒன்று மழை பெய்யும் இரவில் செல்வதாகக் கொள்வோம். முன்விளக்குகள் இரண்டிற்கும் 120 வாட், பின்விளக்கு முதலிய சிறு விளக்குகளுக்கு 50 வாட், மழைத்துடைப்பானுக்கு 60 வாட், காற்று விசிறிக்கு 80 வாட், இயந்திரத்தின் தேவைகளுக்கு 30 வாட் என வைத்துக்கொண்டால் மொத்தம் 340 வாட். இதனை 12ஆல் வகுத்தால் சுமார் 28 ஆம்பியர். இதுவரை கவலையில்லை.

இனிப் புதிய கருவிகளைச் சேர்ப்போம். 100 வாட் வேலை விளக்குகள் இரண்டிற்கு 200 வாட், வானொலித் தொடர்புக் கருவி பேசும் நேரத்தில் 120 வாட், ஒலிபெருக்கிக்கு 100 வாட், தொலைபேசிகளுக்கு 30 வாட். மொத்தம் 450 வாட். ஏறத்தாழ 38 ஆம்பியர். பழைய சுமையோடு சேர்த்தால் 66 ஆம்பியர் ஆகிறது. ஆல்டர்னேட்டர் தருவதோ மிகுந்தால் 50. குறையும் 16 ஆம்பியரை மின்கலமே தர வேண்டும். 70 ஆம்பியர்-மணி மின்கலம் ஒன்று, ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் தன் சேமிப்பில் பாதியை இழந்துவிடும். அடிக்கடி இவ்வாறு வற்றவிடப்படும் மின்கலம் நெடுநாள் உழைக்காது.

சுமையைக் குறைக்க வழியுண்டா?

செலவைப் பெருக்குவதற்குமுன் தேவையைச் சுருக்குவது குடும்பத்திற்கு மட்டுமன்று, லோரிக்கும் பொருந்தும். 100 வாட் ஹாலோஜென் விளக்கு தரும் வெளிச்சத்தை இன்று சுமார் 30 வாட் எல்இடி விளக்கே தந்துவிடுகிறது. இரண்டு வேலை விளக்குகளையும் எல்இடி வகையாக மாற்றினால் 200 வாட் 60 வாட்டாகக் குறைகிறது. மொத்தச் சுமை 66 ஆம்பியரிலிருந்து 54 ஆம்பியருக்கு இறங்குகிறது.

கணக்கில் வந்த தொகையோடு கால் பங்கு சேர்த்து ஆல்டர்னேட்டரைத் தேர்ந்தெடுப்பது நல்ல முறையாகும். இயந்திரத்தின் வெப்பத்தில் ஆல்டர்னேட்டரின் வலிமை குறைவதும், மின்கலத்தை மீண்டும் நிரப்ப மின்சாரம் தேவைப்படுவதும் இதற்குக் காரணங்கள். இதன்படி எல்இடி விளக்குகள் கொண்ட லோரிக்கு 70 ஆம்பியர் போதும். ஹாலோஜென் விளக்குகளோடு என்றால் 85 ஆம்பியருக்குக் குறையாமல் வேண்டும்.

இன்னொன்றையும் மறத்தலாகாது. ஆல்டர்னேட்டர் தரும் மின்சாரம் இலவசமானதன்று. 70 ஆம்பியரை முழுமையாகத் தரும்போது, இழப்புகளையும் சேர்த்தால், அது இயந்திரத்திலிருந்து ஏறத்தாழ இரண்டரைக் குதிரை ஆற்றலை எடுத்துக்கொள்ளும். அதற்கான விலை டீசலில் இருக்கிறது.

கம்பியின் பருமன்

செம்பு சிறந்த மின்கடத்தி என்றாலும், அதுவும் மின்னோட்டத்தை ஓரளவு தடுக்கவே செய்கிறது. கம்பி மெலிந்தால் தடை மிகும். நீண்டாலும் தடை மிகும். ஜேம்ஸ் ஜூல் என்னும் ஆங்கில அறிஞர் 1841ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, கம்பியில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்பப் பெருகுகிறது. மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பது மடங்காகும். “ஒரு விளக்கைத்தானே கூடுதலாக இணைக்கிறேன்” என்று நினைப்பவர்கள் இக்கணக்கை எண்ணிப் பார்க்க வேண்டும்.

200 வாட் ஹாலோஜென் விளக்குகளை, 1.5 சதுர மில்லிமீட்டர் பருமனுள்ள 6 மீட்டர் கம்பியின் வழியாக இணைத்தால், வழியிலேயே 1 வோல்ட்டுக்கு மேல் இழக்கப்படுகிறது. ஏறத்தாழ 20 வாட் ஆற்றல் கம்பியைச் சூடாக்குவதிலேயே வீணாகிறது. மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், ஹாலோஜென் விளக்கின் வெளிச்சம் ஏறத்தாழ பத்தில் மூன்று பங்கு குறைந்துவிடும். அதே இடத்தில் 6 சதுர மில்லிமீட்டர் கம்பியைப் பயன்படுத்தினால், இழப்பு 0.3 வோல்ட் அளவே. விளக்கு மங்கலாக எரிகிறதென்று இன்னும் பெரிய விளக்கை வாங்குவோர் பலர். அவர்கள் மாற்ற வேண்டியது விளக்கையன்று, கம்பியையே.

ஆல்டர்னேட்டரிலிருந்து மின்கலத்துக்குச் செல்லும் தடித்த கம்பியே எல்லாவற்றிலும் முக்கியமானது. 2 மீட்டர் நீளமும் 6 சதுர மில்லிமீட்டர் பருமனும் உள்ள பழைய கம்பியில் 70 ஆம்பியர் பாய்ந்தால் 29 வாட் வெப்பம் அக்கம்பியில் உண்டாகும். அதன் உறை இளகவும் கூடும். 16 சதுர மில்லிமீட்டர் கம்பியில் அவ்வெப்பம் 11 வாட்டுக்குக் குறைகிறது. ஆகவே பெரிய ஆல்டர்னேட்டர் பொருத்தும் நாளிலேயே இக்கம்பியையும் மாற்றிவிட வேண்டும். வற்றிய மின்கலம் ஒன்று, இயந்திரம் ஓடத் தொடங்கியதும் ஆல்டர்னேட்டரால் இயன்ற மின்சாரம் முழுவதையும் இழுத்துக்கொள்ள முயலும். பழைய கம்பி கருகுவது பெரும்பாலும் அத்தகைய நேரத்தில்தான்.

பழைய லோரிகள் சிலவற்றில், ஓட்டுநர் முன்னிருக்கும் ஆம்பியர்மானியின் வழியாகவே மின்னேற்றும் மின்சாரம் முழுவதும் சென்று வரும். சிறிய ஆல்டர்னேட்டருக்கு அமைந்த அந்த மானி பெரிய மின்னோட்டத்தைத் தாங்காது. அத்தகைய லோரியில் ஆம்பியர்மானியை விலக்கி, வோல்ட்மானியைப் பொருத்துவது பாதுகாப்பானதாகும்.

ஃபியூஸ் எதைக் காக்கிறது?

ஃபியூஸ் விளக்கைக் காப்பதற்காக என்று பலர் நினைக்கின்றனர். உண்மையில் அது காப்பது கம்பியைத்தான். கம்பியின் உறை தேய்ந்து, செம்பு லோரியின் இரும்பைத் தொட்டுவிட்டால், மின்கலம் நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்சாரத்தை ஒரே நேரத்தில் பாய்ச்சும். ஃபியூஸ் இல்லாத கம்பி சில நொடிகளில் செந்தழலாகிவிடும். அருகில் டீசல் குழாயோ, எண்ணெய் படிந்த துணியோ இருந்தால் விளைவைச் சொல்லத் தேவையில்லை.

ஆகவே ஃபியூஸ் இருக்க வேண்டிய இடம் விளக்கின் அருகில் அன்று. மின்கலத்தின் அருகில், இயன்றால் ஒரு சாண் தூரத்திற்குள். மின்கலத்திற்கும் ஃபியூஸுக்கும் இடைப்பட்ட கம்பிக்குக் காவல் எதுவும் இல்லை என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். ஃபியூஸின் அளவு, கருவி இழுக்கும் மின்னோட்டத்தைவிடச் சற்று மிகுந்தும், கம்பி தாங்கும் அளவைவிடக் குறைந்தும் இருத்தல் வேண்டும். மேலே கூறிய 200 வாட் விளக்குகளுக்கு 25 ஆம்பியர் ஃபியூஸும், 60 வாட் எல்இடி விளக்குகளுக்கு 10 ஆம்பியர் ஃபியூஸும் பொருந்தும். 70 ஆம்பியர் ஆல்டர்னேட்டரின் 16 சதுர மில்லிமீட்டர் கம்பிக்கு 100 ஆம்பியர் ஃபியூஸ் ஏற்றது.

எரிந்துபோன ஃபியூஸுக்குப் பதிலாகச் சிகரெட்டு உறைத்தாளையோ, செப்புக் கம்பித் துண்டையோ வைப்பது, காவற்காரனை அனுப்பிவிட்டு வாசலைத் திறந்துபோடுவதற்கு ஒப்பாகும். ஃபியூஸ் எரிந்தால் அது ஏன் எரிந்தது என்று தேடுவதே முதற்கடமை.

ரிலேயின் பணி

ஓட்டுநர் கையருகே உள்ள சிறிய சுவிட்ச், பெரிய மின்னோட்டத்தைத் தாங்குவதற்காக அமைந்ததன்று. பெரிய விளக்கின் மின்சாரம் முழுவதும் அதன் வழியே சென்றால், உட்பகுதி கருகிச் சுவிட்ச் இளகிவிடும். இதற்கு மாற்றாக அமைந்ததே ரிலே. சுவிட்ச் அனுப்பும் கால் ஆம்பியருக்கும் குறைந்த மின்னோட்டம் ரிலேயின் காந்தத்தை இயக்குகிறது. அக்காந்தம் பெரிய மின்னோட்டத்தின் வழியைத் திறந்துவிடுகிறது.

பெரும்பாலான ரிலேக்களில் நான்கு முனைகள் எண்களால் குறிக்கப்பட்டிருக்கும். 30 என்னும் முனைக்கு ஃபியூஸ் வழியாக மின்கலத்திலிருந்து கம்பி வரும். 87 என்னும் முனையிலிருந்து விளக்கிற்குச் செல்லும். 85, 86 ஆகிய இரண்டும் காந்தத்தின் முனைகள். ஒன்று சுவிட்சுக்கும் மற்றொன்று எர்த்துக்கும் இணைக்கப்படும். சுவிட்சுக்கு வரும் மின்சாரத்தைச் சாவியைத் திருப்பினால் மட்டுமே கிடைக்கும் இடத்திலிருந்து எடுத்தால், இரவு முழுவதும் விளக்கு மறதியாக எரிவதைத் தவிர்க்கலாம்.

மறக்கப்படும் எர்த்

மின்சாரம் சென்றால் மட்டும் போதாது, திரும்பியும் வரவேண்டும். லோரியில் அது இரும்புச் சட்டகத்தின் வழியாகவும், சட்டகத்தையும் இயந்திரத்தையும் மின்கலத்தோடு இணைக்கும் எர்த் பட்டைகளின் வழியாகவும் திரும்புகிறது. அப்பட்டை துருப்பிடித்திருந்தால், முன்பக்கத்தில் செய்த செலவெல்லாம் வீணாகும். சாயத்தையும் துருவையும் பளபளவென்று சுரண்டி, தடித்த புதிய பட்டையை இறுக்கி, மேலே கிரீஸ் பூசிவிடுங்கள். புதிய கருவிகளின் எர்த் கம்பியும் மின்கம்பியின் அதே பருமனில் இருக்க வேண்டும்.

ஆல்டர்னேட்டரை மாற்றும்போது

முதலில் மின்கலத்தின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றுங்கள். பின்னரே ஸ்பானரை மற்ற இடங்களுக்குக் கொண்டு செல்லுங்கள். புதிய ஆல்டர்னேட்டரின் மின்னழுத்தம், பொருத்தும் துளைகள், ரெகுலேட்டரின் வகை ஆகியவை பழையதோடு ஒத்திருக்க வேண்டும். கப்பியின் பள்ளம் மற்றக் கப்பிகளோடு ஒரே நேர்க்கோட்டில் அமைய வேண்டும். பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் பொதுவாக ஒரு செண்டிமீட்டர் அளவு அமுங்கலாம். மிகத் தளர்ந்தால் வழுக்கும். மிக இறுகினால் பேரிங் தேய்ந்துவிடும். 100 ஆம்பியரை எட்டும் ஆல்டர்னேட்டருக்கு ஒரு குறுகிய பெல்ட் போதாமற்போகலாம்.

இயந்திரம் ஓடும்போது மின்கலக் கம்பியை ஒருபோதும் கழற்றாதீர்கள். அப்போது எழும் மின்னழுத்தம் டையோடுகளை ஒரு நொடியில் அழித்துவிடும். லோரியில் வெல்டிங் செய்யுமுன்பும் மின்கலத்தையும் ஆல்டர்னேட்டரையும் கழற்றிவிடுதல் நன்று.

24 வோல்ட் லோரிகள்

கனரக லோரிகளில் இரண்டு 12 வோல்ட் மின்கலங்களைத் தொடராக இணைத்து 24 வோல்ட் பெறுகின்றனர். அங்கே அதே வாட்டுக்கு ஆம்பியர் பாதியாகும். ஆனால் 12 வோல்ட் கருவியை இயக்குவதற்காக ஒரு மின்கலத்திலிருந்து மட்டும் கம்பி எடுப்பது பெருந்தவறு. ஒன்று வற்றிக்கொண்டே இருக்க, மற்றொன்று அளவுக்கு மீறி நிரம்பும். முடிவில் இரண்டும் கெடும். 24 வோல்ட்டை 12 வோல்ட்டாக மாற்றும் கருவியை வாங்கிப் பொருத்துவதே சரியான வழி.

பால் லோரியின் எதிரி

ரப்பர்த் தோட்ட லோரிகளுக்கே உரிய ஆபத்து ஒன்றும் உண்டு. பால் உறையாமலிருக்க நாம் சேர்க்கும் அமோனியா, செம்பையும் பித்தளையையும் அரிக்கும் தன்மையுடையது. பாலை உறையவைக்கும் ஃபார்மிக் அமிலமும் உலோகத்திற்குப் பகை. பால் தொட்டியின் அருகே திறந்த நிலையில் உள்ள கம்பி இணைப்புகள் நீலப்பச்சை நிறமாகி, தடை மிகுந்து, சூடேறத் தொடங்கும். கம்பிகளை முறுக்கி நாடா சுற்றும் பழக்கம் இங்கே உதவாது. நம் நாட்டு வெப்பத்தில் நாடாவின் பசை இளகிவிடும்.

ஈயம் பூசிய செப்புக் கம்பியைப் பயன்படுத்தி, முனைகளை அதற்குரிய கருவியால் நசுக்கிப் பொருத்தி, சூடுபட்டால் சுருங்கும் உறையால் மூடுங்கள். இயன்றவரை இணைப்புகளைத் தொட்டியிலிருந்து விலக்கி அமையுங்கள். இரும்புத் துளையைக் கம்பி கடக்கும் இடத்தில் ரப்பர் வளையம் பொருத்துங்கள். எலிகள் கம்பி உறையைக் கடிப்பதுண்டு. ஆகவே கம்பிகளை நெளிகுழாய்க்குள் செலுத்தி, வாரம் ஒருமுறை பார்வையிடுங்கள்.

வேலை முடிந்ததும் சோதனை

ஒரு மல்டிமீட்டர் இருந்தால் வேலையின் தரத்தை எவரும் அறியலாம். 12 வோல்ட் லோரிக்கான அளவுகள் பின்வருமாறு:

1. இரவு முழுதும் ஓய்ந்திருந்த மின்கலம் 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 காட்டினால் ஏறத்தாழ பாதி. 12க்கும் கீழே இறங்கினால் உடனே மின்னேற்ற வேண்டும்.

2. இயந்திரம் சற்று வேகமாக ஓடும்போது மின்கலத்தின் முனைகளில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்க வேண்டும்.

3. எல்லாக் கருவிகளையும் இயக்கிவிட்டு, ஆல்டர்னேட்டரின் மின்முனைக்கும் மின்கலத்தின் நேர்முனைக்கும் இடையே அளந்தால் 0.3 வோல்ட்டுக்கு மேற்படக் கூடாது.

4. அதே நிலையில் ஆல்டர்னேட்டரின் உடலுக்கும் மின்கலத்தின் எதிர்முனைக்கும் இடையே 0.2 வோல்ட்டுக்கு மேற்படக் கூடாது. மேற்பட்டால் எர்த்தில் குறை உண்டு.

5. அரைமணி நேரம் ஓடியபின், இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கம்பிகளையும் ஃபியூஸ் பெட்டியையும் தொட்டுப் பாருங்கள். ஓரிடம் மட்டும் சுடுமானால், அவ்விணைப்பை மீண்டும் செய்ய வேண்டும்.

மின்னேறும் மின்கலத்திலிருந்து எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வெளிப்படுகிறது. அதனருகே புகைபிடிப்பதும் தீப்பொறி உண்டாக்குவதும் கூடவே கூடாது.

அனுமதியும் கடமையும்

தோட்டத்திற்குச் சொந்தமான லோரியில் நிர்வாகத்தின் அனுமதியின்றி மாற்றம் செய்தல் முறையன்று. சொந்த லோரியானாலும், பொதுச்சாலையில் செல்லும் வாகனங்கள் 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்திற்கும் அதன் தொடர்பான விதிகளுக்கும் கட்டுப்பட்டவை. கூடுதல் விளக்குகள் எதிரே வருவோரின் கண்ணைக் கூசச் செய்து உயிருக்கே ஆபத்தாக முடியலாம். எனவே பொருத்துவதற்குமுன் சாலைப் போக்குவரத்து இலாகாவில் கேட்டறிவது நல்லது. சுமை ஏற்றுவதற்கான விளக்குகளைச் சாலையில் செல்லும்போது அணைத்துவிடுங்கள்.

மின்வேலையில் பழக்கமில்லாதவர் தாமே இதைச் செய்யத் துணிய வேண்டுமென்பதில்லை. பட்டறைக்குச் செல்லும்போது, “கம்பியின் பருமன் என்ன? ஃபியூஸ் எங்கே இருக்கும்? எர்த் பட்டையை மாற்றினீர்களா?” என்று மூன்று கேள்விகளைக் கேட்டாலே போதும். நல்ல தொழிலாளி முகம் சுளிக்காமல் பதில் கூறுவார்.

லோரியில் செல்லும் ஏனையோருக்கும் பொறுப்பு உண்டு. ரப்பர் கருகும் நாற்றம், காரணமின்றி மங்கும் விளக்கு, அடிக்கடி எரியும் ஃபியூஸ் ஆகியவை எச்சரிக்கைகள். கண்டவுடன் ஓட்டுநரிடம் சொல்லுங்கள். புகை கிளம்பினால் லோரியை நிறுத்தி, இயந்திரத்தை அணைத்து, முதலில் எல்லாரும் இறங்கித் தொலைவில் நில்லுங்கள். தீ பற்றவில்லை, மின்கலத்தை அணுகலாம் என்றால் மட்டும் எதிர்முனைக் கம்பியைக் கழற்றுங்கள். ஓட்டுநர் இருக்கையருகே உலர்தூள் தீயணைப்பான் ஒன்று எப்போதும் இருக்கட்டும்.

புதிய கருவிகள் நம் உழைப்பை எளிதாக்க வந்தவை. அவற்றை வரவேற்போம். ஆனால் ஒரு விளக்கை வாங்கும் காசோடு அதற்கேற்ற கம்பிக்கும் ஃபியூஸுக்கும் உரிய காசையும் சேர்த்தே எடுத்துவைப்போம். அச்சிறு செலவு, லோரியை மட்டுமன்றி, அதில் ஏறிச் செல்லும் உயிர்களையும் காக்கும்.